ஸெனபெவொர்க்கின் காலணிகள்: பெத்லெஹம் திலாஹுன் அலெமுவின் தொழில் வாழ்க்கை

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் தென்மேற்கு ஓரத்திலுள்ள ஸெனபெவொர்க், தொழுநோய் மருத்துவமனை ஒன்றை ஒட்டி வளர்ந்த குடியிருப்பு. பேரரசர் ஹைலே செலாசியின் மகள் இளவரசி ஸெனபெவொர்க்கின் பெயரால் 1930-களில் அங்கே மருத்துவமனை எழுந்தது. 1965-ல் அது ஆப்பிரிக்கா முழுமைக்குமான தொழுநோய்ப் பயிற்சி, மறுவாழ்வு மையமாக விரிந்து ‘அலெர்ட்’ என்று பெயர் பெற்றது. 1970-ல் பக்கத்திலேயே அர்மாவர் ஹான்சன் ஆய்வு நிறுவனமும் தொடங்கியது. மருத்துவ உலகில் அந்த இடத்துக்கு இருந்த மதிப்பு அங்கே குடியிருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. நாட்டின் பல மூலைகளிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்களில் பலர், நோய் குணமான பின்பும் சொந்த ஊரில் ஏற்பாரின்றி மருத்துவமனையைச் சுற்றியே தங்கிவிட்டனர். அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ள நகரத்தார் தயங்கினர். பிள்ளைகள் மீதும் அந்த ஒதுக்கல் படிந்தது. நூற்கவும் நெய்யவும் பூத்தையல் போடவும் தெரிந்தவர்கள் வேலையின்றி இருந்த தெருக்கள் அவை.

அங்கே 1980-ல் பிறந்தவர் பெத்லெஹம் திலாஹுன் அலெமு. எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தன் பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர் என்று வரிசையாக வரும், அழைப்பது தன் பெயரால்தான். பெத்லெஹமின் பெற்றோர் இருவரும் மருத்துவமனை ஊழியர்கள். வசதி இல்லாவிட்டாலும் மாதச் சம்பளம் வந்த வீடு அது. அக்கம்பக்கத்தில் பல குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

அவர் பிறந்தபோது நாட்டை ஆண்டது டெர்க் எனப்பட்ட இராணுவ ஆட்சி. 1974-ல் பேரரசரைக் கவிழ்த்து வந்த அது, 1975-ல் நிலம் முழுவதையும் அரசுடைமையாக்கியது. பெரிய தொழில்களும் வங்கிகளும் அரசின் கைக்குப் போயின. தனியார் தொழில் பதினேழு ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்தது. 1991-ல் அந்த ஆட்சி வீழ்ந்தபோது பெத்லெஹமுக்குப் பதினொரு வயது. ஆகவே டெர்க் ஆட்சிக்குப் பிறகு தனியார் பள்ளி, தனியார் வங்கி, தனியார் கல்லூரி ஆகியவற்றைக் கண்ணால் கண்டு வளர்ந்த முதல் தலைமுறை அவருடையதுதான். அவர் படித்த யூனிட்டி கல்லூரியே அந்த மாற்றத்தின் விளைவு. 1991-ல் சிறிய பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கிய அது, பின்னாளில் நாட்டின் முதல் தனியார் பல்கலைக்கழகம் ஆனது. பெத்லெஹம் அங்கே கணக்கியல் படித்து 2004-ல் பட்டம் பெற்றார்.

அவருடைய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கியல் படிப்பை ஒரு வரியில் கடந்து, கைவினை, மறுசுழற்சி, பாரம்பரியம் என்று போய்விடுகிறார்கள். அது சரியல்ல. கைவினைஞர்கள் ஸெனபெவொர்க்கில் தலைமுறைகளாக இருந்தார்கள். ஒரு ஜோடி காலணிக்கு நூல் எவ்வளவு, கூலி எவ்வளவு, கழிவு எவ்வளவு, சரக்கை அனுப்பிய பிறகு பணம் வந்து சேரும்வரை எத்தனை வாரக் கூலியைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போடும் ஆள்தான் இல்லை. படிக்கும் காலத்திலேயே பெத்லெஹம் தோல், ஆடை நிறுவனங்களில் விற்பனையிலும் வடிவமைப்பிலும் வேலை பார்த்தார். வகுப்பில் கற்ற ஐந்தொகை அங்கே உயிருள்ள விஷயமாகத் தெரிந்திருக்கும். ஒரு பொருளின் விலையில் செய்தவருக்கு எவ்வளவு போகிறது, நடுவில் எவ்வளவு நிற்கிறது என்பதை அந்த வேலை நேரடியாகக் காட்டியது.

அப்போது எத்தியோப்பியக் காலணித் தொழில் அடிவாங்கிக்கொண்டிருந்தது. அடிஸ் அபாபாவின் மெர்காட்டோ, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்று. அதைச் சுற்றிய சந்துகளில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் தோல் செருப்பும் ஷூவும் செய்துவந்தன. 2000 வாக்கில் சீனச் செயற்கைத்தோல் ஷூக்கள் வந்து குவிந்தன; விலை குறைவு, தோற்றம் புதிது. பல பட்டறைகள் மூடின, சில ஆட்களைக் குறைத்தன, தரத்தை உயர்த்திய சில மட்டும் நிமிர்ந்தன. படித்து முடித்த ஒருவர் காலணித் தொழிலில் இறங்க அது நல்ல நேரம் என்று எந்த வங்கி மேலாளரும் சொல்லியிருக்க மாட்டார்.

2005 தொடக்கத்தில் பெத்லெஹம், ஸெனபெவொர்க்கில் பாட்டிக்குச் சொந்தமான மனையில் பட்டறையைத் தொடங்கினார். பணியாளர் ஐந்து பேர். முதலீடு 10,000 டாலருக்கும் குறைவு. அதுவும் கணவரும் உறவினரும் கொடுத்தது. நிறுவனத்துக்குச் ‘சோல்ரெபெல்ஸ்’ என்று பெயர் வைத்தார். போராளிகளை நினைவூட்டும் இந்தப் பெயருக்கு உள்ளூர் வரலாற்றில் வேர் உண்டு. எத்தியோப்பியாவில் பழைய லாரி டயரை வெட்டிச் செய்யும் செருப்புக்கு ‘பராபாசோ’ என்று பெயர்; நம்மூரில் டயர் செருப்பு என்பதேதான். 1936 முதல் 1941 வரை நாட்டைப் பிடித்து வைத்திருந்த இத்தாலியப் படைகளை எதிர்த்துக் காடுமலைகளில் போரிட்டவர்களையும், பிந்தைய காலப் போராளிகளையும் அந்தச் செருப்போடு சேர்த்தே மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். உழவர்களும் சுமைதூக்குவோரும் அதை இன்றும் போடுகிறார்கள். மெர்காட்டோவின் மினலேஷ் தெரா பகுதியில் பழைய தகரம், பீப்பாய், டயர் எல்லாம் வேறு பொருளாக மாறி விலைக்கு வருகின்றன. ஆகவே டயரிலிருந்து செருப்பு செய்வது பெத்லெஹமின் கண்டுபிடிப்பு அல்ல. அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஏழைகளின் செருப்பு என்று ஒதுக்கப்பட்ட அடிப்பகுதியின் மேல், நாட்டிலேயே மிக அருமையாகச் செய்யப்பட்டுவந்த கைத்தறித் துணியைப் பொருத்தியதுதான் அவருடைய பங்களிப்பு.

அந்தத் துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பருத்தி நூற்பது பெண்களின் வேலை. ‘இன்ஸிர்ட்’ எனும் சிறிய தக்களியைத் தொடையில் உருட்டிச் சுழலவிட்டு, பஞ்சிலிருந்து இழையை இழுக்கிறார்கள். நெய்வது பெரும்பாலும் ஆண்கள். தரையில் குழி வெட்டி அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் குழித்தறிதான் அங்கேயும். தெற்கு எத்தியோப்பியாவின் காமோ மலைகளிலிருந்து வந்த டோர்ஸே நெசவாளர்கள் இதில் பேர்போனவர்கள். நத்தலா என்ற மெல்லிய மேலாடையும் காபி என்ற கனத்த போர்வையும் அவர்கள் கைவண்ணம். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அந்த வெள்ளைத் துணி இல்லாமல் எதுவும் நடக்காது. ஆனால் நெய்பவர், குயவர், கொல்லர், தோல் பதனிடுவோர் எல்லோரையும் சமூகம் தாழ்த்தியே வைத்திருந்தது. துணிக்குக் கிடைத்த மரியாதை நெய்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து ஏற்றுமதிக்கு ஏற்ற காலணி செய்வது எளிதாக இருக்கவில்லை. டயர் இயல்பிலேயே வளைந்தது. காலணியின் அடி தட்டையாக இருக்க வேண்டும். தேய்ந்த டயரின் கனம் இடத்துக்கு இடம் மாறும், இடது காலும் வலது காலும் ஒரே எடையில் வராது. கூரிய கத்தியால் சீவிச் சமன்செய்ய வேண்டும். கையால் நூற்ற நூல் ஒரே சீராக இருக்காது. அதுதான் அதன் அழகு, ஆனால் கால்விரல் பகுதியில் இழுத்துத் தைக்கும்போது மெல்லிய இடம் விட்டுப்போகும். உள்ளூர்ச் சந்தையில் காலில் மாட்டிப் பார்த்து வாங்குவார்கள். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருக்கும் வாடிக்கையாளர் அளவு எண்ணை நம்பித்தான் வாங்குகிறார். ஆகவே நூறு ஜோடியும் ஒரே அச்சில் வந்தாக வேண்டும். வளைவுகளையும் அளவுகளையும் தரப்படுத்தி, கைவேலையின் தன்மை போகாமல் காப்பதில்தான் பட்டறையின் முதல் ஆண்டுகளின் உழைப்பெல்லாம் போயிருக்க வேண்டும். பருத்தியோடு உள்நாட்டுச் சணலையும், வாழையைப் போலிருக்கும் என்செட் செடியின் நாரையும் நிறுவனம் பயன்படுத்தியது.

பணம் அடுத்த சிக்கல். நிலம் அரசுக்கே சொந்தம் என்ற விதியை 1995-ன் அரசியலமைப்பும் தொடர்ந்தது. மக்களுக்கு இருப்பது பயன்பாட்டு உரிமை. மனையை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அதன் மேல் இருக்கும் கட்டடத்துக்குத்தான் வங்கி மதிப்புப் போடும். எத்தியோப்பிய வங்கிகளோ கடன் தொகைக்குச் சமமாக, சிலசமயம் கூடுதலாகவும் ஈடு கேட்பவை. மாமன் மச்சானிடம் சிறு தொகை திரட்டித் தொடங்கும் இளைஞருக்கு இந்த வாசல் அடைத்தே இருக்கும், பெண்ணாக இருந்தால் இன்னும் கடினம். ஆப்பிரிக்க இளம் தொழில்முனைவோரைப் பற்றிய எழுத்துகளில் துணிச்சலும் கனவும் நிறையப் பேசப்படுகின்றன. ஆர்டர் கையில் இருந்தும் மூலப்பொருள் வாங்கக் காசில்லாமல் நின்றுபோகும் நிறுவனங்கள் எத்தனையோ. துணிச்சலுக்கு அங்கே எந்தக் குறையும் இல்லை.

பெத்லெஹம் சந்தையைத் தேடிய வழி அவருடைய காலத்துக்கே உரியது. கண்காட்சிகளுக்குப் போகவும் முகவர்களை அமர்த்தவும் பணம் தேவை. மின்னஞ்சலுக்கு அவ்வளவு வேண்டாம். வெளிநாட்டு நிறுவனங்களின் கொள்முதல் பிரிவினருக்கு எழுதி, மாதிரிகள் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, திருத்தி, மீண்டும் அனுப்பி முதல் ஆர்டர்களைப் பெற்றார். ஹோல் ஃபுட்ஸ், அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ், அமேசான் ஆகியவை வாங்குவோர் பட்டியலில் சேர்ந்தன. இணையவழி விற்பனை பரவிய ஆண்டுகள் அவை. கடை அலமாரியில் இடம் கிடைக்காத சிறு நிறுவனமும் திரையில் பெரிய நிறுவனத்தின் பக்கத்திலேயே நிற்க முடிந்தது.

அமெரிக்கச் சட்டம் ஒன்றும் துணைநின்றது. 2000-ல் நிறைவேறிய ‘ஆப்பிரிக்க வளர்ச்சி, வாய்ப்புச் சட்டம்’, சுருக்கமாக அகோவா, தகுதிபெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் பல பொருட்களை இறக்குமதி வரியின்றி அமெரிக்காவுக்குள் அனுமதித்தது. காலணிக்கு இது பெரிய சலுகை. அமெரிக்கா அப்போது பொதுவாக இறக்குமதி வரி குறைந்த நாடு. காலணியில் மட்டும் பழைய வரிகள் நீடித்தன. துணி மேல்பகுதியும் ரப்பர் அடியும் கொண்ட சில வகைகளுக்கு 37.5 சதவீதம் வரை போனது. சோல்ரெபெல்ஸ் செய்ததோ துணியும் ரப்பரும் சேர்ந்த காலணிதான். அந்த வரி இருந்திருந்தால், கைவேலைக்கு நியாயமான கூலி கொடுத்துச் செய்யும் பொருள் சந்தையில் நின்றிருக்குமா என்பது சந்தேகமே.

உலக நியாய வணிக அமைப்பின் சான்று பெற்ற முதல் காலணி நிறுவனம் என்ற பெயரும் கிடைத்தது. ஒரு பொருளை மட்டும் பார்த்துத் தரும் சான்று அல்ல அது. கூலி, பணிச்சூழல், வாங்கும் விலை என்று நிறுவனம் முழுவதையும் அந்த அமைப்பு பார்க்கிறது. உள்ளூர்த் துறையின் சராசரியைவிட மூன்று மடங்குக்கு மேல் கூலி கொடுப்பதாகவும், பணியாளர் குடும்பத்துக்கு மருத்துவச் செலவை ஏற்பதாகவும் நிறுவனம் சொல்லிவந்தது. ஐந்து பேரில் தொடங்கிய பட்டறையில் சில ஆண்டுகளில் நூறு பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். வேலைக்கு வந்தவர்களில் பலர் அதே ஸெனபெவொர்க்கைச் சேர்ந்தவர்கள். 2011-ல் உலகப் பொருளாதார மன்றம் பெத்லெஹமை இளம் உலகத் தலைவர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. கல்லூரியை விட்டு ஏழே ஆண்டுகள்.

இந்த இடத்தில் இன்னொரு காலணி நிறுவனத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் பெத்லெஹம் எதை மறுத்தார் என்பது அதில்தான் தெளிவாகிறது. 2006-ல் அமெரிக்கர் பிளேக் மைகோஸ்கி, அர்ஜென்டினா உழவர்களின் துணிக்காலணியைப் பார்த்து ‘டாம்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு ஜோடி வாங்கினால் ஏழைக் குழந்தைக்கு ஒரு ஜோடி இலவசம் என்பது அதன் வாக்குறுதி. எத்தியோப்பியாவிலும் காலணிகள் வழங்கப்பட்டன. அதற்கு வலுவான காரணமும் இருந்தது. எத்தியோப்பிய மேட்டுநிலத்தின் எரிமலைச் செம்மண்ணில் வெறுங்காலோடு ஆண்டுக்கணக்கில் நடப்பவர்களுக்குப் போடோகோனியோசிஸ் என்ற நோய் வருகிறது. கால் யானைக்கால் நோய்போல வீங்கும். ஆனால் கொசுவுக்கும் புழுவுக்கும் இதில் தொடர்பில்லை. மண்ணின் நுண்துகள் தோல்வழியே உள்ளே போவதுதான் காரணம் என்பதை எத்தியோப்பியாவில் தொழுநோய் மருத்துவராக இருந்த எர்னஸ்ட் பிரைஸ் 1970-களில் ஆய்ந்து காட்டினார். சிறுவயதிலிருந்து காலணி போட்டால் நோய் வராது. அந்த நாட்டில் காலணி உயிர்காக்கும் பொருள் என்றால் மிகையில்லை.

ஆனால் அந்தக் காலணியை யார் செய்வது, யார் விற்பது, இலாபம் எங்கே தங்குவது என்பது தனிக் கேள்வி. இலவசக் காலணி ஒரு காலை ஓராண்டு காக்கும்; கூலி கிடைக்கும் தாய் தன் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் காலணி வாங்குவாள். பெத்லெஹமின் வாதம் இந்தத் திசையில்தான் இருந்தது. தன் காலணியை இரக்கப்பட்டு யாரும் வாங்கக்கூடாது, பிடித்திருந்தால் வாங்கட்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். எல் சால்வடோரில் பொருளாதார ஆய்வாளர் புரூஸ் வைடிக்கும் சகாக்களும் டாம்ஸ் காலணி பெற்ற குழந்தைகளை ஆராய்ந்தபோது, குழந்தைகள் அவற்றை விரும்பி அணிந்தது தெரிந்தது. உடல்நலத்திலோ பள்ளி வருகையிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. குடும்பத் தேவைகளைப் பிறர் தரவேண்டும் என்ற எண்ணம் மட்டும் சற்றுக் கூடியிருந்தது. டாம்ஸ் நிறுவனமும் 2019 வாக்கில் ஜோடிக்கு ஜோடி முறையைக் கைவிட்டு, இலாபத்தில் ஒரு பங்கை நன்கொடையாகத் தரும் முறைக்கு மாறியது.

மற்றொரு ஒப்பீடு எத்தியோப்பிய மண்ணிலேயே இருக்கிறது. 2012 ஜனவரியில் சீனாவின் ஹுவாஜியான் குழுமம், அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே டுக்கெம் தொழிற்பேட்டையில் காலணித் தொழிற்சாலையைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோருக்கு அங்கே வேலை கிடைத்தது. எண்ணிக்கையில் சோல்ரெபெல்ஸ் அதன் பக்கத்திலேயே வர முடியாது. வறுமை நிறைந்த நாட்டில் எண்ணிக்கை அற்பமான விஷயமும் அல்ல. ஆனால் அங்கே தைக்கப்படும் ஷூவின் மேல் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். வடிவம், விலை, விற்பனை எல்லாம் வேறிடத்தில் முடிவாகின்றன. எத்தியோப்பியாவின் பங்கு மலிவான கூலி மட்டுமே. பெத்லெஹம் கையில் வைத்துக்கொண்டது பெயரையும் விலையையும். தைவானில் தொடங்கி சிங்கப்பூர், ஜப்பான், ஸ்பெயின், ஆஸ்திரியா என்று சோல்ரெபெல்ஸ் பெயரிலேயே கடைகள் திறக்கப்பட்டன. ஸெனபெவொர்க்கில் தைத்த காலணியை அதே பெயரில் ஒரு தைவான் மாணவர் கடைக்குள் போய்க் கேட்டு வாங்கியது, எத்தியோப்பியக் காலணித் தொழிலுக்கு முன்பு பழக்கமில்லாத நிகழ்வு.

இதே எண்ணம்தான் அவரைக் காப்பிக்குக் கொண்டுவந்தது. அரபிகா காப்பியின் தாயகம் எத்தியோப்பியா. அப்போது ஏற்றுமதி வருவாயில் முதலிடமும் காப்பிக்குத்தான் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் வறுக்காத பச்சைக் கொட்டையாகவே கப்பலேறியது. 2005-ல் எத்தியோப்பிய அரசு சிடாமோ, ஹரார், யிர்காசெஃபே என்ற தன் காப்பிப் பகுதிகளின் பெயர்களை அமெரிக்காவில் வணிகக் குறியாகப் பதிவுசெய்ய முயன்றபோது அங்குள்ள காப்பி வணிகர் சங்கம் எதிர்த்தது. ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தோடு நீண்ட இழுபறிக்குப் பின் 2007-ல்தான் உடன்பாடு ஏற்பட்டது. பெயருக்கு விலை உண்டு என்பதை ஒரு நாடே கற்றுக்கொண்ட வழக்கு அது. பெத்லெஹம் 2016-ல் தொடங்கிய ‘கார்டன் ஆஃப் காஃபி’ நிறுவனம், கொட்டையை எத்தியோப்பியாவிலேயே கையால் வறுத்து, பொட்டலம் கட்டி, விளைந்த இடத்தின் பெயரோடு விற்றது. வாடிக்கையாளர் கண்ணெதிரே இரும்புத் தட்டில் கொட்டை வறுபடும். ஜெபெனா என்ற கறுத்த மண்குடுவையிலிருந்து சிறு கோப்பைகளில் காப்பி ஊற்றுவார்கள். எத்தியோப்பிய வீடுகளில் பெண்கள் அன்றாடம் செய்வதுதான் இது. நூற்பதைப் போலவே கூலியின்றிச் செய்யப்பட்டுவந்த வேலை ஒன்று இங்கேயும் சம்பளத் தொழிலானது.

நாட்டின் நிலைமை பிறகு மாறியது. 2020 நவம்பரில் டிக்ராய் மாநிலத்தில் போர் வெடித்தது. மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி, 2022 ஜனவரி 1 முதல் எத்தியோப்பியாவை அகோவா பட்டியலிலிருந்து அமெரிக்கா நீக்கியது. மிக மோசமாகத் தாக்குண்டது ஹவாசா தொழிற்பேட்டை. அமெரிக்கச் சந்தையைப் பெரிதும் நம்பி 2016-ல் திறக்கப்பட்ட அங்கே, முதன்மை முதலீட்டாளரான பி.வி.எச். நிறுவனம் நீக்கம் நடைமுறைக்கு வரும் முன்பே வெளியேற முடிவெடுத்தது. வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். போரைத் தொடங்கியதிலோ நடத்தியதிலோ அவர்களுக்கு ஒரு பங்கும் இல்லை. எத்தியோப்பியாவில் செய்யப்படும் எந்தக் காலணிக்கும் அமெரிக்கத் துறைமுகத்தில் வரிச்சலுகை நின்றுபோனது. ஐரோப்பிய ஒன்றியம் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு 2001 முதல் தரும், ஆயுதம் தவிர்த்த அனைத்துப் பொருட்களுக்குமான வரிவிலக்கு மட்டும் எத்தியோப்பியாவுக்குத் தொடர்ந்தது. பல நாடுகளில் தன் பெயரில் வாங்குவோரைத் தேடிக்கொண்ட நிறுவனங்களுக்கு அந்த வாசல் பயன்பட்டது, ஒரே நாட்டின் ஆர்டருக்குத் தைத்துக் கொடுத்தவர்களுக்கு அல்ல.